இரண்டு முறை மருந்தடித்தும் திரும்பி வந்த கரையான்: ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

வீடு 14 ஆண்டு பழையது. செங்கல் சுவர், கான்கிரீட் தரை, மாடியில் ஒரே ஓர் அறை. வெளிச்சுவரை ஒட்டிச் சுற்றி அளந்தால் 42 மீட்டர். மூன்று ஆண்டுக்குள் இரண்டு முறை கரையான் மருந்து போட்டாகிவிட்டது. முதல் முறை போட்டது பதினோரு மாதம் தாங்கியது, இரண்டாவது ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.

வீட்டார் சொன்னவை மூன்று. குளியலறைக் கதவின் மர நிலை அடியில் இற்றுப்போய்விட்டது. படுக்கையறை அலமாரியில் பொடி கொட்டுகிறது. மாடி ஜன்னலுக்குக் கீழே தினமும் பெருக்கினாலும் மணல் மாதிரி ஏதோ கிடக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து அவர்கள் வைத்த பெயர் "செல்லு", அதாவது கரையான். முன்பு மருந்து போட வந்தவர்களும் அதையே நம்பித் தரையில் துளை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வீட்டில் இருந்தவை மூன்று வேறு பூச்சிகள். அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே தரையோடு தொடர்பு உண்டு.

முதல் நாள்: மருந்து இல்லாமல் மூன்று மணி நேரம்

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. நல்ல வெளிச்சமுள்ள டார்ச், முனை மழுங்கிய ஸ்குரூ டிரைவர், பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, ஊசி குத்தி அளக்கும் ஈரமானி, பென்சில், அளவு டேப், வீட்டின் தரைப்படம் வரைந்த ஒரு தாள். பார்த்ததை எல்லாம் அந்தத் தாளில் குறிக்க வேண்டும். குறிக்காமல் செய்யும் ஆய்வு அன்று சாயங்காலமே மறந்துபோகும்.

டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்து ஒளியை ஓடவிட்டால் பூச்சின் மேல் நெளியும் மண் கோடு, அதாவது கரையான் போய்வரக் கட்டும் மண் குழாய், நிழலாக எழுந்து வரும். இந்த வீட்டில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் அப்படி ஒன்று தெரிந்தது. சுவரின் அடியோரம் ஒட்டிய ஸ்கர்டிங் டைல்ஸின் இணைப்பில் தொடங்கி, பென்சில் கனத்தில் மேலேறி, ஒரு முழ உயரத்தில் நிலைக்குள் நுழைந்திருந்தது.

நிலையைப் பார்த்தவுடன் பழுது தெரியாது. பெயிண்ட் பளபளவென்று இருந்தது. ஸ்குரூ டிரைவரின் பிடியால் 15 சென்டிமீட்டருக்கு ஒரு தட்டு வீதம் மேலிருந்து கீழே தட்டி வந்தபோது, இடுப்பு உயரம் வரை கெட்டியான ஓசை. அதற்குக் கீழே அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் பொத்தென்றது. கட்டை விரலால் அழுத்தினால் பெயிண்ட் தோல் உள்ளே அமுங்கியது. முனையை அழுத்தினால் 4 சென்டிமீட்டர் தடையில்லாமல் போயிற்று. கிளறிய இடத்தில் மரத்தின் மென்மையான அடுக்குகள் காணாமல் போய், கெட்டி அடுக்குகள் மட்டும் தகடு தகடாக நின்றன. இடுக்கெல்லாம் ஈர மண், நடுவே வெள்ளைப் புழு மாதிரி வேலைக்காரக் கரையான்கள். மண்ணில் கூடு வைக்கும் கரையானுக்கு இதைவிடத் தெளிவான கையெழுத்து கிடையாது.

ஈரமானி இந்த நிலைக்காலின் அடியில் 27 சதவீதம் காட்டியது. எதிர்ச் சுவரில் உள்ள படுக்கையறை நிலைக்காலில் 12. வீட்டுக்குள் இருக்கும் மரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் எங்கிருந்தோ அதற்குத் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். இதே மானியைச் சுவர்ப்பூச்சில் குத்தினாலும் ஓர் எண் காட்டும். அது மரத்துக்காக அமைத்த அளவு, சுவருக்கு அதைச் சதவீதமாகப் படிக்கக் கூடாது. எந்தப் பக்கம் ஏறுகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது என்று ஒப்பிட மட்டும் பயன்படுத்தலாம். அப்படி அரை மீட்டருக்கு ஓர் இடமாகக் குத்திக்கொண்டே போனபோது, எண் ஏறிக்கொண்டே போய் ஃபிளஷ் டேங்குக்குத் தண்ணீர் வரும் குழாயின் இணைப்பில் உச்சத்தைத் தொட்டது.

மண் கோட்டை முழுக்கச் சுரண்டிவிடத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். செய்யக் கூடாது. நடுவில் 5 சென்டிமீட்டர் மட்டும் உடைத்து, மேலும் கீழும் அப்படியே விட்டு, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதப்பட்டது. நான்காம் நாள் உடைத்த இடத்தில் கருத்த ஈர மண்ணால் ஒட்டுப் போட்டிருந்தது. கூடு உயிரோடு இருக்கிறது, போக்குவரத்து நடக்கிறது. உடைத்த இடம் இரண்டு வாரமாகியும் அப்படியே கிடந்து, மண்ணும் தொட்டால் காய்ந்து உதிர்ந்தால் அந்தப் பாதை பெரும்பாலும் கைவிடப்பட்டது. அப்போதும் வேறு பாதை இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. மொத்தமாகச் சுரண்டிவிட்டால் அவை வேறு இடத்தில் கிளம்பும். மருந்து வேலை செய்ததா என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடையாளமும் மிஞ்சாது.

குளியலறை ஜன்னல் விளிம்பில் உதிர்ந்த இறகுகள் குவிந்து கிடந்தன. எறும்புக்கும் இறகு முளைக்கும் என்பதால் இதையும் சரிபார்க்க வேண்டும். ஈசல் என்பது இறகு முளைத்த கரையான். அதன் நான்கு இறகும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்காது, உணர்கொம்பு மணி கோத்த மாதிரி நேராக இருக்கும். இறக்கை எறும்புக்கு முன் இறகு நீளம், பின் இறகு குட்டை, இடுப்பு நூலாக ஒடுங்கும், உணர்கொம்பு முழங்கை போல் மடங்கும். இங்கே கிடந்தவை ஈசல் இறகுகள். அதுவும் வீட்டுக்கு உள்பக்கம், மூடிய ஜன்னலுக்குக் கீழே. வெளியிலிருந்து விளக்கைத் தேடி வந்தவை என்றால் இறகு வெளிவிளிம்பில்தான் அதிகம் இருக்கும்.

அலமாரிப் பொடியும் ஜன்னல் மணலும்

அலமாரியில் மண்ணே இல்லை, ஈரமும் இல்லை. ஈரமானி 10 சதவீதம். தட்டுகளின் அடிப்பக்கத்தில் குண்டூசித் தலை அளவில், 1 முதல் 2 மில்லிமீட்டர் வட்டத் துளைகள். கொட்டிய பொடி முகப்பவுடர் மாதிரி விரலில் வழுக்கியது. இது மரத்தூள் வண்டு, லிக்டஸ் வகை. முட்டையிடுவது மரத்தின் நுண்துளைகளில். தின்பது மாவுச்சத்துள்ள வெளிப்பகுதியை, அதாவது தச்சர்கள் "வெள்ளை" என்று ஒதுக்குவதை. வைரம் பாய்ந்த பகுதியைத் தொடாது. அலமாரி செய்து இரண்டே ஆண்டு, தட்டுகளில் வெள்ளையைக் கழிக்காமலே இழைத்திருந்தார்கள், அடிப்பக்கம் வார்னிஷ் இல்லாமல் வெறும் மரமாக விட்டிருந்தது. வண்டுக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. தரையில் எத்தனை லிட்டர் மருந்து ஊற்றினாலும் இதற்கு ஒரு சொட்டுகூடப் போய்ச் சேராது.

பொடி கொட்டுவதாலேயே பூச்சி உயிரோடு இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. காலியான பழைய துளையிலிருந்தும் கதவைச் சாத்தும் அதிர்வில் பொடி உதிரும். அதனால் இருந்த 31 துளைகளையும் பென்சிலால் வட்டமிட்டு, அடியில் கறுப்புத் தாள் விரித்து வைக்கப்பட்டது. வட்டமிடாத புதுத் துளை தோன்றினால் உயிர் இருக்கிறது. புதுத் துளையின் உட்சுவர் வெளுப்பாக, அப்போதுதான் அறுத்த மரம்போல் இருக்கும். பழையது மங்கிப் பழுத்திருக்கும்.

மாடி ஜன்னல் மணலைக் கைக்கண்ணாடியில் பார்த்ததுமே விடை கிடைத்தது. 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளத்தில், ஆறு பட்டையோடு, ஒரே அளவில் வார்த்தெடுத்ததுபோன்ற மணிகள். உலர்மரக் கரையானின் எச்சம். அது மரத்துக்குள்ளேயே குடியிருக்கும், மண்ணும் தேவையில்லை, தனியாகத் தண்ணீரும் தேவையில்லை. பாதிப்பு ஒரே ஒரு ஜன்னல் கதவில் இருந்தது. சுற்றியிருந்த சட்டங்களைத் தட்டியும் குத்தியும் பார்த்ததில் ஓசை மாறவில்லை, கீழே மணியும் இல்லை. அந்தக் கதவைக் கழற்றி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒட்டி, வெளியேற்றிவிட்டுப் புதுக் கதவு மாட்டினார்கள். ஊசி வழியாக உள்ளே மருந்து நுரை ஏற்றும் முறை இருக்கிறது. ஆனால் உள்ளே ஓடும் எல்லாக் குடைவுகளையும் அது தொட்டதா என்று பார்க்க வழியில்லை. கழற்ற முடிகிற ஒரு கதவுக்காக அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

முன்பு போட்ட மருந்து ஏன் நிற்கவில்லை

பழைய துளைகளை வெள்ளை சிமெண்ட் காட்டிக்கொடுத்தது. அவற்றுக்கிடையே டேப் வைத்து அளந்தால் 60, 75, ஓரிடத்தில் 90 சென்டிமீட்டர். இருக்க வேண்டியது 30. திரவம் மண்ணில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பரவாது, பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இறங்கும். துளைகள் விலகினால் நடுவில் காய்ந்த மண் சுவராக நிற்கும். குளியலறையில் டைல்ஸ் உடைந்துவிடும் என்று ஒரு துளைகூடப் போடவில்லை.

அளவு அதைவிட மோசம். இரண்டு முறையும் முதுகில் மாட்டும் 16 லிட்டர் ஸ்பிரேயரை நான்கு தடவை நிரப்பியதாக வீட்டார் எண்ணி வைத்திருந்தார்கள். ஆக 64 லிட்டர். இந்த வீட்டுக்குத் தேவை எவ்வளவு என்ற கணக்கு கீழே வருகிறது. இப்போதைக்கு, அந்த 64 லிட்டர் தேவையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

போட்ட மருந்து பைஃபென்த்ரின். இது விரட்டும் வகை. கரையான் அதை உணர்ந்து திரும்பிவிடும். மருந்து இடைவிடாமல் சுற்றி நின்றால் இது நல்ல வேலிதான். நடுவில் ஒரு வாசல் விட்டுப்போனால், திரும்பிய கரையான் அலைந்து அந்த வாசலைக் கண்டுபிடிக்கும். இங்கே வாசல் குளியலறை. விரலால் உணர முடியாத 1 மில்லிமீட்டர் விரிசல் போதும் அவற்றுக்கு.

இவை எல்லாம் மருந்து சம்பந்தப்பட்டவை. மருந்தே சரியாக விழுந்திருந்தாலும் வீடு அவற்றை வரவழைத்துக்கொண்டிருந்தது. பின்வாசல் படிக்கட்டின் அடியில் கான்கிரீட் போட்டபோது அடித்த சென்ட்ரிங் பலகையை எடுக்காமலே பக்கத்தை அடைத்துவிட்டார்கள். ஒரு செங்கல்லைப் பெயர்த்து டார்ச் அடித்ததும் பலகை இருந்த இடம் முழுவதும் மண்ணாக இருந்தது. பதினான்கு ஆண்டாக இருட்டில் வைத்த தீனி. தோட்டத்துப் பாத்தி வீட்டுத் தரைமட்டத்துக்கு மேல் 10 சென்டிமீட்டர் ஏறியிருந்தது, அதனால் கரையான் சுவரில் ஏறுவதை வெளியிலிருந்து யாரும் பார்த்திருக்க முடியாது. குளியலறைத் தரைக்கு அடியில் குழாய் ஓடும் பள்ளத்தில் நிரப்பிய செங்கல் ஜல்லி, ஒழுகும் இணைப்பால் எப்போதும் ஊறிக் கிடந்தது.

வேலை நடந்த வரிசை

முதல் வாரம் மருந்து டப்பாவே திறக்கப்படவில்லை. குழாய் இணைப்பை மாற்றி, படிக்கட்டின் அடியைத் திறந்து பலகைத் துண்டுகளை ஆணி வரை பொறுக்கி எடுத்தார்கள். பாத்தி மண்ணை வெட்டித் தரைமட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறக்கி, சுவரிலிருந்து வெளிநோக்கி 3 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் சரியுமாறு சமன் செய்தார்கள். சுவரோரம் அடுக்கியிருந்த விறகு இடம் மாறியது. ஈரமானி 27-லிருந்து 19-க்கு இறங்க ஒன்பது நாள் ஆயிற்று. மண் சொதசொதவென்று இருக்கும்போது மருந்து ஊற்றினால் மண் ஏற்காது, வழிந்து ஓடும். அதனால் இந்தக் காத்திருப்பு வீணல்ல.

தேர்ந்தெடுத்த மருந்து இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம், லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லிலிட்டர், அதாவது 0.075 சதவீதக் கரைசல். இது விரட்டாத வகை. கரையானுக்கு மருந்து இருப்பதே தெரியாது. அதில் நடந்து, மெல்லச் செயலிழந்து, ஒன்றையொன்று நக்கியும் ஊட்டியும் கூட்டாளிகளுக்கும் கொஞ்சம் கடத்திவிட்டுச் சாகும். வேறு மருந்து எடுத்தால் இந்த அளவு பொருந்தாது. எந்த மருந்தானாலும் அதன் லேபிளில் உள்ள அளவுதான் கடைசிச் சொல்.

அளவுக் கணக்கு இப்படி. ஒரு மீட்டர் நீளத்துக்கு, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 5 லிட்டர் கரைசல். அஸ்திவாரத்தின் அகன்ற பகுதி 60 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்ததால் வெளியே இரட்டிப்பு, மீட்டருக்கு 10 லிட்டர். வெறும் மண்ணாக இருந்த 24 மீட்டருக்கு 240 லிட்டர். 15 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் சுவரை ஒட்டி வாய்க்கால் வெட்டி, அதன் அடியில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு முறை கம்பி செருகிக் குழி செய்து, அதில் பாதியும் வாய்க்காலில் மீதியுமாக ஊற்றப்பட்டது. திருப்பிப் போடும் மண்ணும் மருந்தில் நனைய வேண்டும். காய்ந்த மண்ணை மேலே மூடினால் அதுவே அவற்றுக்குப் பாலம்.

கான்கிரீட் நடைபாதை இருந்த 14 மீட்டரில் 12 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் 47 துளை, ஒவ்வொன்றிலும் 3 லிட்டர், மொத்தம் 140 லிட்டர் சொச்சம். உள்ளே குளியலறையும் அதை ஒட்டிய சுவர்களும் சேர்ந்து 18 மீட்டர், 60 துளை, தலா ஒன்றரை லிட்டர், 90 லிட்டர். எல்லாம் கூட்டினால் 470 லிட்டர். அதற்கு மருந்து ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வேலை முடிந்ததும் காலி டப்பாவை எண்ணினால் போதும். வேலை நடந்ததா இல்லையா என்று டப்பாவே சொல்லிவிடும்.

குளியலறையில் டைல்ஸ் இணைப்புக் கோட்டில்தான் துளை போட்டது. டிரில்லின் ஹேமர் இயக்கத்தை அணைத்துவிட்டு மெதுவாகச் சுற்றித் தொடங்கி, டைல்ஸைக் கடந்த பிறகு ஹேமரைப் போட்டால் டைல்ஸ் சில்லுப் பெயராது. துளைக்கும் முன் குழாய் ஓடும் பாதையைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, மெயின் வால்வை மூடியிருந்தார்கள். கான்கிரீட்டைக் கடந்ததும் பிட் சட்டென்று விழும், அங்கேயே நிறுத்த வேண்டும். ஒரு துளையில் திரவம் ஏற்காமல் மேலே பொங்கியது. அடியில் மண் இறுகியிருந்தது, அழுத்தத்தைக் குறைத்து மூன்று தவணையாக விட்டதும் இறங்கியது. இன்னொன்றில் நான்கு லிட்டர் போயும் நிறைகிற அறிகுறி இல்லை. இப்படி நடந்தால் உடனே நிறுத்த வேண்டும். குழாய் உடைந்திருக்கலாம், அடியில் மண் தாழ்ந்து பொந்து இருக்கலாம். இங்கே கழிவுநீர் வாயில் நிறமோ வாசனையோ வரவில்லை, பொந்துதான். நுரையாக ஏற்றி நிரப்பி முடித்தார்கள்.

மீதி 4 மீட்டர்ச் சுவரை ஒட்டி நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அங்கே ஒரு சொட்டும் ஊற்றவில்லை. பதிலாக மூன்று இரைப் பெட்டிகளைப் புதைத்தார்கள். தெரியாமல் விட்டுப்போன வாசல்தான் முன்பு வேலையைக் கெடுத்தது. இது தெரிந்தே விட்டது, அதனால் கண் வைத்துக்கொள்ள முடியும். பெட்டியில் முதலில் வெறும் மரத்துண்டு, கரையான் கடித்தது தெரிந்த பிறகே இரை. இரையில் இருப்பது தோலுரிப்பைத் தடுக்கும் ஹெக்சாஃப்ளூமுரான் போன்ற மருந்து. கூடு மெலிய மாதக்கணக்கில் ஆகும், அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

குளியலறைச் சுவிட்சுப் பெட்டியிலும் கொஞ்சம் மண் இருந்தது. மின்குழாய்க்குள் எந்தத் திரவமும் விடக் கூடாது. மெயினை அணைத்து, மண்ணைத் துடைத்து, குழாயின் வாயை அடைத்ததோடு சரி. துளை போட்டவர்கள் கையுறை, கண்ணாடி, ஆவி வடிகட்டும் முகமூடி அணிந்தார்கள். துளைகளைச் சிமெண்டால் அடைத்துத் தரை காயும்வரை வீட்டார் வெளியே இருந்தார்கள்.

மரம்

நிலையை மாற்ற வீட்டார் அவசரப்பட்டார்கள். 90 நாள் தள்ளிப்போட்டது சரியான முடிவு. இற்ற நிலைதான் அங்கே கண்காணிப்புக் கருவி. புது நிலையின் கால்களைப் பழைய வழக்கப்படி தரைக்குள் புதைக்கவில்லை, தரைக்கு மேல் கருங்கல் துண்டில் நிறுத்தினார்கள். போரேட் வகை மர மருந்தான டைசோடியம் ஆக்டாபோரேட் டெட்ராஹைட்ரேட் பொடி 1 கிலோவை 9 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்த 10 சதவீதக் கரைசலில், காலின் அடிப்பக்க வெட்டுமுகத்தை ஊறவைத்து, மீதியில் இரண்டு கை பூசினார்கள். பெயிண்ட் மேல் பூசினால் இது இறங்காது, பூச்சில்லாத வெறும் மரத்தில்தான் பூச வேண்டும். தண்ணீர் பட்டால் கரைந்து போய்விடும் என்பதால் காய்ந்ததும் பெயிண்டால் மூட வேண்டும்.

அலமாரியில் ஒன்பது பலகையில் நான்கு கழிந்தன. மீதியில் நான்கைத் தேய்த்து அதே போரேட் கரைசல் இரண்டு கை, பிறகு எல்லாப் பக்கமும் வார்னிஷ். ஒன்பதாவது பலகைக்கு இரண்டு முகத்திலும் லேமினேட் ஒட்டியிருந்தது. பூசினாலும் உள்ளே போகாது, துளையும் இல்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

பின்னர்

மருந்து போட்ட பன்னிரண்டாம் நாள் மண் கோட்டில் மறுபடி பாதி ஒட்டுப் போட்டிருந்தது. வீட்டார் பதறினார்கள். விரட்டாத மருந்து மெல்லத்தான் கொல்லும், இதைப் பார்த்து மேலே விரட்டும் ஸ்பிரே அடித்திருந்தால் அவை மருந்து இருக்கும் மண்ணில் நடப்பதையே நிறுத்தியிருக்கும். முப்பதாம் நாள் அந்த ஒட்டு அப்படியே காய்ந்து நின்றது. தொண்ணூறாம் நாள் நிலைக்குள் கிளறியதில் மண் பொடியாக உதிர்ந்தது, ஈரமானி 13. தொட்டியோரப் பெட்டிகளில் ஒன்றில் இரண்டாம் மாதம் மரத்துண்டு அரிபட்டிருந்தது. இரை வைத்த நான்காவது மாதம் அந்தப் பெட்டியில் கரையானே இல்லை.

போரேட் பூசிய அலமாரிப் பலகைகளில் முதல் ஆண்டில் மூன்று புதுத் துளை. உள்ளே ஏற்கெனவே வளர்ந்திருந்த வண்டுகள் வெளியேறியவை அவை, மருந்தின் தோல்வி இல்லை. பதினான்காம் மாதம் கறுப்புத் தாளில் மறுபடி பொடி. வந்த இடம் ஒன்பதாவது பலகை. லேமினேட்டைத் துளைத்து இரண்டு வட்டம், உட்சுவர் வெளேரென்று. பலகையைக் கழற்றிப் பிளந்தபோது இரண்டு லேமினேட்டுக்கு நடுவே முழுக்க வெள்ளை மரம். அன்றே பிளாஸ்டிக்கில் சுற்றி வெளியேற்றி, அந்தத் தட்டுக்குப் புதிதாக வைரப் பலகை போட்டார்கள். பென்சில் வட்டங்கள் இன்னும் அழிக்கப்படவில்லை. கறுப்புத் தாளும் இன்னொரு கோடை முடியும்வரை அங்கேயே இருக்கும்.